செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வலிகாமம் மேற்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். சுகம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டு ஒரு விடயத்தைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவரது மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் கேட்டாளாம்: "அப்பா, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்கிறீர்கள். பூசைக்குப் போய் வருவதைத் தவிர, கிறிஸ்தவர்களாக இருப்பதற்காக நாங்கள் வேறு என்ன செய்கிறோம்?"

"எனக்குப் பதில் வரவில்லையடாப்பா. நீ பத்திரிகைக்காரன், பழங்கதை தெரிந்தவன். ஏதாவது சொல்லேன்" என்றார் நண்பர்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இறையியல் எனக்குத் தெரியாது. ஆனால் செய்தி அறைகளில் கழிந்த நீண்ட ஆண்டுகளில் ஒரு மனிதரின் வரலாறு என்னை மீண்டும் மீண்டும் தேடி வந்திருக்கிறது. நண்பருக்கு அன்று தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதி வைக்கிறேன். அந்த மனிதரை எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் யோசவாஸ் முனிவர் என்று அழைப்பர்.

தடை செய்யப்பட்ட சமயம்

முதலில் அக்காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே. ஆயினும் அவர்கள் கல்வினின் சீர்திருத்த சமயத்தைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவில் கத்தோலிக்க ஸ்பெயினுடன் எண்பது ஆண்டுகள் போரிட்டு விடுதலை பெற்ற நாட்டவர். அந்தப் பகை அவர்களோடு கப்பலேறி இங்கும் வந்தது. கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்கு உள்ளாவர் என 1658இலேயே பிரகடனம் செய்தனர். ஆலயங்கள் அவர்கள் வசமாயின. குருமார் நாடு கடத்தப்பட்டனர். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பரில்லா மந்தையாகக் கிடந்தனர்.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1544இல் மன்னாரில் கிறிஸ்தவரான மக்களை வாளுக்கு இரையாக்கியவன் சைவ மன்னன் சங்கிலி. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தவர்கள் கத்தோலிக்கப் போர்த்துக்கேயர். இப்போது கத்தோலிக்கரைத் துரத்தியவர்கள் இன்னொரு வகைக் கிறிஸ்தவர். அதிகாரம் கையில் இருந்தபோது எந்தச் சமயத்தவரும் மற்றவருக்கு இரக்கம் காட்டவில்லை என்பதே எங்கள் மண்ணின் கசப்பான பாடம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் என்பது ஆன்மாவின் விடயமாக மட்டும் இருக்கவில்லை. திருமணம் பதியப்படுவதற்கும், உரிமை பெறுவதற்கும், உத்தியோகம் கிடைப்பதற்கும் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பாடசாலை வாத்தியாரே பதிவேட்டையும் வைத்திருந்தார். பிள்ளையை அனுப்பாதவர்களுக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தார் திரள் திரளாகக் கிறிஸ்தவராயினர், ஏட்டில்! வீட்டில் விரதம் பிடித்து உண்டபின் வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சைவர் இலையை ஒளித்தனர். கத்தோலிக்கர் செபமாலையை ஒளித்தனர். ஒரே ஒழுங்கையில், அடுத்தடுத்த வளவுகளில், ஒரே அச்சத்துடன் இரு சாராரும் வாழ்ந்தனர்.

கோவாவிலிருந்து வந்தவர்

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. அங்கே 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி பெனோலிம் என்ற ஊரில் பிறந்து, 1676இல் குருவானவரானவர் யோசேப் வாஸ். கொங்கணி மொழி பேசும் பிராமண வழிக் கிறிஸ்தவக் குடும்பம். படித்தவர். ஆனால் அக்காலக் கோவாவில் ஐரோப்பியத் துறவற சபைகள் உள்நாட்டவரைத் தமது உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. தோலின் நிறம் குறுக்கே நின்றது. எனவே உள்நாட்டுக் குருமார் சிலர் தாமாகவே ஒரு சபையைத் தொடங்கியிருந்தனர். 1685இல் அவர்களோடு இணைந்த வாஸ், அதனை ஓரற்றோரியன் சபையாக ஒழுங்குபடுத்தினார். அந்தச் சபையிலும் ஒரு படலை இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. அது பிராமண குலத்தவர்க்கே உரியதாக இருந்தது. நிறத்தால் தள்ளப்பட்டவர்கள் சாதியால் வேலி கட்டிக்கொண்டனர்.

வாஸ் அந்த வேலிக்குள் தங்கவில்லை. 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்ற பணியாள் கூட வந்தார். தூத்துக்குடிக்கு வந்து, குருவானவருக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாளைப் போல் உடுத்திக்கொண்டு, 1687இல் தோணியேறி இலங்கைக் கரையை அடைந்தார். பயணத்தின் முடிவில் கடும் வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. தொற்றுநோய் என்று அஞ்சி மக்கள் அவரை ஒதுக்கினர். இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அப்பெண்ணின் பெயரோ சமயமோ எந்த ஏட்டிலும் இல்லை.

நோய் தணிந்ததும் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சையெடுக்கத் தொடங்கினார். எந்த வீட்டில் கத்தோலிக்கர் இருக்கிறார்கள் என்று எப்படி அறிவது? வாய் திறந்து கேட்டால் உயிர் போகும். அவர் செய்தது இதுதான்: பெரியதொரு செபமாலையைக் கழுத்தில் தெரியும்படி அணிந்துகொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்றார். அதைக் கண்டு முகம் மாறாதவர்களைக் கடந்து சென்றார். அதைக் கண்டு கண் கலங்கியவர்களைக் குறித்துக்கொண்டார். பழைய விசுவாசம் சாம்பலுக்குள் நெருப்பாக இருப்பதை அவர் இவ்வாறுதான் கண்டறிந்தார். அவர் குருவானவர் என்று தெரியவந்தபோது கத்தோலிக்க ஊரான சில்லாலை அவரைத் தன்னுள் மறைத்துக்கொண்டது. பகலில் உறங்கி, இரவில் பூசை செய்து, விடியுமுன் அடுத்த ஊருக்கு நடந்தார். தமிழை அவர் அங்கேதான் செம்மையாகக் கற்றார்.

எத்தனை காலம் மறைக்க முடியும்? ஒரு நத்தார் இரவில் திருப்பலிக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றி வளைத்தனர். முனிவர் தப்பினார். பிடிபட்டோர் அடியும் சிறையும் கடுவேலையும் பெற்றனர். அடியின் கொடுமையால் உயிரிழந்தவரும் உண்டு. அவர் எங்கே என்ற கேள்விக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. புனிதர் பட்டம் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அன்று வாய் திறவாதிருந்தவர்களுக்குப் பட்டமும் இல்லை, படமும் இல்லை. நண்பரின் மகள் இதைக் கவனிக்க வேண்டும். அவள் அந்த மக்களின் வழித்தோன்றலாக இருக்கக்கூடும்.

கண்டிச் சிறையில்

ஒல்லாந்தரின் பிடியிலிருந்து விலகிப் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்த முனிவர் 1692இல் தலைநகரை அடைந்தார். அங்கும் வரவேற்பு விலங்குதான். கண்டி அரசவையில் இருந்த லனரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தியர் "இவர் போர்த்துக்கேய ஒற்றர்" என்று மன்னனிடம் கோள் சொன்னார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். சிறையில் அவர் சிங்களம் கற்றார். ஓலைக் கொட்டில் ஒன்றில் பூசை செய்தார். காவலர்கள் அவதானித்ததை மன்னனிடம் அறிவித்தனர்: இந்த மனிதர் செபிக்கிறார், படிக்கிறார், வேறெதுவும் செய்வதில்லை. படிப்படியாகக் கட்டுகள் தளர்ந்தன.

1696இல் கடும் வரட்சி. அவர் சிலுவையை நட்டு மண்டியிட்டு மன்றாடியபோது மழை பெய்தது என்று கத்தோலிக்க மரபு சொல்கிறது. மழைக்குச் சாட்சி சொல்ல நான் ஆளல்லன். பத்திரிகையாளனுக்கு அதைவிடப் பெரிய செய்தி மறுவருடம் வந்தது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் தலைநகரை விட்டு அகன்றான். பிரபுக்களும் வசதி படைத்தோரும் அவனைப் பின்தொடர்ந்தனர். நோய் கண்டவர்களை உறவினரே காட்டோரத்தில் விட்டுச் சென்றனர். அக்காலத்தில் வைசூரிக்கு மருந்து இல்லை, எட்வேட் ஜென்னரின் அம்மைப்பால் வருவதற்கு இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. ஊர் முழுவதும் வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது இருவர் உள்ளே நின்றனர். ஒருவர் யோசவாஸ் முனிவர். மற்றவர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவரது மருமகன் யோசேப்பு கர்வாலோ அடிகள். கொட்டில்கள் அமைத்தும், கைவிடப்பட்ட வீடுகளைப் பயன்படுத்தியும் நோயாளரைச் சேர்த்தனர். கஞ்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தரென்றும் கிறிஸ்தவரென்றும் பார்க்கவில்லை.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற வழக்கத்தில் பிறந்த குடும்பத்தவர் அவர். எந்தப் பிரசங்கமும் இல்லாமல், சாதி பற்றிய எந்த வாதமும் செய்யாமல், சீழ் வடியும் உடல்களைத் தன் கைகளால் கழுவிப் புதைகுழியில் இறக்கினார். யாழ்ப்பாணத்து ஆலயங்களிலே சாதி பார்த்து இடம் ஒதுக்கியதை எங்கள் தலைமுறையும் அறியும். அங்கெல்லாம் இந்த முனிவரின் படம் சுவரில் தொங்கியிருந்தால், அதன் கீழே அமர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கைகள் என்ன சொல்லியிருக்கும்?

மன்னன் திரும்பி வந்தான். அதன்பின் முனிவருக்கு இராச்சியம் முழுவதும் தடையின்றி நடமாட வழி பிறந்தது. இந்த விமலதர்மசூரியன் சாதாரண பௌத்தன் அல்லன். இலங்கையில் அற்றுப்போயிருந்த பிக்குகளின் உபசம்பதா நிலையை மீட்பதற்காக அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்தவன் அவனே. தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுள்ள ஒருவன், தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுள்ள இன்னொருவரை இனங்கண்டுகொண்டான். கிறிஸ்தவ அரசு துரத்திய கத்தோலிக்கருக்குப் பௌத்த அரசு நிழல் கொடுத்தது. 1995 ஜனவரியில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் கொழும்புக்கு வந்து வாஸ் அடிகளை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது, பாப்பரசரின் நூலொன்றில் பௌத்தம் பற்றி இருந்த கருத்துகளால் பௌத்த மகா சங்கத்தினர் அவரைச் சந்திக்க மறுத்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னனுக்கும் ஒரு முனிவருக்கும் இயன்றது பிற்காலத்தவர்க்கு இயலாமற் போனது.

எஞ்சியது எது?

கோவாவிலிருந்து மேலும் துறவிகள் வந்தனர். அவர்களில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் எங்கள் ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டதைச் சைவனான நானும் சிறுவயதில் வேலியோரம் நின்று கேட்டிருக்கிறேன். யோசவாஸ் முனிவர் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். இலங்கைக்கு வந்த 24 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தாயகம் திரும்பவில்லை. 1740களில் கண்டியிலும் நிலை மாறிக் கத்தோலிக்கர்மீது கெடுபிடிகள் எழுந்தன, ஆலயம் அழிந்தது. அவரது கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் திட்டமாகத் தெரியாது.

இப்போது வரலாற்றின் கணக்கைப் பாருங்கள். 1796இல் பிரித்தானியர் வந்தனர். ஞானஸ்நானம் பெற்றால்தான் உத்தியோகம் என்ற கட்டாயம் நீங்கியது. ஏட்டில் இலட்சக்கணக்கில் இருந்த ஒல்லாந்தத் திருச்சபையினர் ஒரு தலைமுறைக்குள் கரைந்து போயினர். சைவர் மீண்டும் கோவில் கட்டினர், ஒளித்துவைத்த இலையை வெளியே எடுத்தனர். அது அவர்களின் நேர்மை. ஒல்லாந்தரிடையேயும் தமிழ் கற்று உழைத்த பிலிப்பு பல்தேயு போன்ற போதகர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களின் உழைப்பை அரசாங்கத்தின் பதிவேடு விழுங்கிவிட்டது. மறுபுறத்தில், சலுகையே இல்லாமல், தண்டனையை மட்டுமே கொடுத்த கத்தோலிக்க சமயத்தைப் பிடித்துக்கொண்டோர், 1806இல் பிரித்தானியர் தடைகளை நீக்கியபோது அப்படியே எழுந்து நின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைச் சனத்தொகையில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 6 வீதத்தினர். தமிழரும் சிங்களவரும் சேர்ந்த கூட்டம் அது.

இதைக் கத்தோலிக்கத்தின் வெற்றி என்று நான் எழுதவில்லை. அதே கத்தோலிக்கம் போர்த்துக்கேயரின் வாளோடு வந்தபோது செய்தவற்றை மேலே குறிப்பிட்டிருக்கிறேன். பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் புரட்டஸ்தாந்தியர்தான். அதிகாரத்தோடு வந்த சமயம் பதிவேட்டில் பெயர்களை எழுதியது. வெறுங்கையோடு வந்தவர்கள் மனங்களில் எழுதினர். ஏடு கிழிந்தது, மனங்களில் எழுதியது நிலைத்தது.

எங்கள் காலத்தில்

இது பழங்கதை மட்டும்தானா? 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். 1987 நவம்பரில் புத்தளையில், ஏழைப் பௌத்த விவசாயிகளின் நடுவே குடிசையில் வாழ்ந்த சிங்களக் குருவானவர் மைக்கல் றொட்ரிகோ பூசை செய்துகொண்டிருக்கையில் சுடப்பட்டார். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியின் பங்குக் குரு ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற் போனார். ஊர் ஓடும்போது உள்ளே நின்றவர்கள் அவர்கள். செய்தித்தாளில் இத்தகைய மரணங்கள் சில அங்குல இடத்தோடு முடிந்துவிடுகின்றன. தலைப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தக் குறை என் மனத்தில் இன்னும் இருக்கிறது.

2015 ஜனவரி 14இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத் திடலில் யோசவாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கோரப்படும் இரண்டாவது அற்புதத்தை அவர் கேட்கவில்லை. அன்று பிற்பகலே பாப்பரசர் மடுத் திருத்தலத்துக்குச் சென்றார். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு மக்கள் காட்டுக்குள் ஓடிய இடம் அது. 2008இல் போரின்போது அதே சொரூபம் மீண்டும் சுமக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

பின்னர் 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய திகதி ஏப்ரல் 21, முனிவரின் பிறந்தநாள். கொச்சிக்கடை ஆலயத்தின் மூலக்கதையும் ஒல்லாந்தர் காலத்தில் வியாபாரி வேடத்தில் மறைந்து திரிந்த ஒரு குருவானவரைப் பற்றியதே. அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, நாடு மறுபடியும் பழைய பாடத்தையே படித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் புதைத்த கையோடு, "பழி வேண்டாம்" என்று சொன்ன குடும்பங்களும் இருந்தன. கிறிஸ்தவம் என்றால் என்னவென்று என்னைக் கேட்டால், நான் அந்த வீடுகளின் வாசலைக் காட்டுவேன்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு கேட்டார்: "அதுசரி, மகளுக்கு நான் என்ன சொல்ல?"

"அவளுக்குப் பதில் சொல்லாதே. முனிவர் ஒவ்வொரு வாசலிலும் செபமாலையோடு நின்றாரே, அப்படி இன்று அவர் உன் வீட்டு வாசலில் நின்றால் எதைக் கண்டு உன்னைக் கிறிஸ்தவன் என்று அறிவார் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள்" என்றேன்.

அந்தக் கேள்வி எனக்கும் உரியதுதான். வைசூரி பரவிய கண்டியில் நான் இருந்திருந்தால், மன்னனுக்குப் பின்னால் ஓடிய கூட்டத்தில் இருந்திருப்பேனா, கஞ்சிச் சட்டியோடு உள்ளே நின்றிருப்பேனா? நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு இன்னமும் துணிவு வரவில்லை.